ஐம்பதில் அணைந்த திரை

அத்தியாயம் ஆறு

ஜெகனின் மூக்கு அதுவரை பதினோரு முறை உடைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் உடைந்ததால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் நேராகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது முறை உடைந்தபோது பிற்பகல் மணி மூன்று ஐந்து. இடம், அம்பத்தூர் ஓ.டி.யில் அப்துல் ரசாக்கின் லேப்டாப் ரிப்பேர் கடை.

உடைத்தவன் பெயர் கடைசி வரை தெரியவில்லை. தொழிற்பேட்டையில் லாரிகளை எடை போடும் மேடையில் அவன் ஏறி நின்றால் வண்டி நம்பர் கேட்டுத்தான் சீட்டு கிழிப்பார்கள், அப்படி ஒரு உடம்பு. கூட வந்தவன் ஒல்லி. அவன் கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பானர் இருந்தது.

"லேப்டாப்ப குடுத்துட்டா ஆஸ்பத்திரி பக்கம் போக வேணாம்," என்றான் ஒல்லி.

"மூக்க ஒடச்சிட்டு அப்பால விவரம் சொல்றியே மாமே, இத மின்னாடியே சொல்லிருந்தா யோசிச்சிருப்பேன்ல," என்றான் ஜெகன், ரத்தத்தைத் தோளில் துடைத்தபடி.

தடியனுக்குப் பேச்சில் ஆர்வம் இல்லை. ஜெகனைத் தூக்கி, கடையில் இருந்த ஒரே மானிட்டருக்குள் போட்டான். மேலே அல்ல, உள்ளே. தலை முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வந்தது. கழுத்தில் சட்டத்தோடு ஜெகன் எழுந்து நின்றதைப் பார்த்தால், தலைப்புச் செய்திகள் வாசிக்கப் போகிறவன் போலிருந்தது.

ஜெகனின் முதலாளியம்மா, துப்பறியும் பஞ்சவர்ணம், ஸ்டூலை விட்டு எழவில்லை. மடியில் அந்த லேப்டாப். பக்கத்தில் நாலடுக்கு கேரியர். புறநகர் ரயிலில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். டிக்கெட் வாங்காத முகத்தை மூன்று பெட்டி தள்ளி நின்றே கண்டுபிடிப்பார். ஒரு முறை திருவள்ளூரில் நின்றுகொண்டு, ஆவடியில் இன்னும் ரயிலே ஏறாத ஒருவனுக்கு ரசீது எழுதி வைத்தார் என்று ஜெகன் சத்தியம் செய்வான்.

ஸ்பானர் அவர் தலையை நோக்கி இறங்கியது. கேரியர் மேலே போனது. முதல் அடுக்கு ஒல்லியின் மணிக்கட்டில் பட்டதும் மணிக்கட்டு மரத்துத் தொங்கியது. இரண்டாவது அடுக்கு தாடையில் பட, அவன் வாயிலிருந்து வெளியே வந்ததில் பாதி பல், பாதி வசவு. மூன்றாவது அடுக்கில் எலுமிச்சை சாதம் மிச்சம் இருந்ததால் அதை மட்டும் பயன்படுத்தவில்லை.

அந்தப் பக்கம், ரசாக் பாய் சிப்பை இளக்குகிற சூட்டுக் காற்றுத் துப்பாக்கியை முந்நூற்றைம்பது டிகிரிக்குத் திருகி, தடியனின் காதுக்குள் நீட்டினார். தடியன் போட்ட சத்தத்தில் வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று தானாக பிரேக் போட்டது. அவன் குனிந்த நேரம் பார்த்து ஜெகன், மானிட்டர் சட்டத்தோடு, நெற்றியால் ஒன்று வைத்தான். லாரி ஒன்று சரிந்தது.

இரண்டு பேரையும் நெட்வொர்க் கேபிளால் கட்டி மூலையில் போட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். அந்தச் சண்டையில் கடைக்குள் அடிபடாமல் தப்பியது இரண்டே இரண்டு. ஒன்று சுவர்க் கடிகாரம். இன்னொன்று மேஜைக்கு அடியில் இருந்த ஸ்ரீகாந்த்.

ஸ்ரீகாந்த், காணாமல் போன இளங்கோவின் ஆபீஸ் நண்பன். கோயம்புத்தூர்க்காரன். இளங்கோ இருக்கும் அதே அபார்ட்மென்ட்டில்தான் அவனும் குடியிருக்கிறான். வெளியே வந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். தட்டுவதற்கு அதில் தூசிகூட இல்லை.

"இப்ப என்னங்க பண்றது மேடம்? நாலு மணிக்குள்ள லேப்டாப் போகலைன்னா இளங்கோவ முடிச்சிருவாங்களே."

விஷயம் அதுதான். இளங்கோ, மண்ணூர்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் பட்டறைக்கு ஓய்வு நேரத்தில் கேமரா மாட்டிக் கொடுத்தவன். பட்டறை முதலாளி உத்தமன், தன் பங்குதாரரின் தலையை நூறு டன் பிரஸ்ஸுக்குள் பிடித்து வைத்து, காலால் பெடலை மிதித்ததை அந்தக் கேமரா பார்த்துவிட்டது. விபத்து என்று ஊரை நம்பவைத்து, மாலையும் வாங்கிப் போட்டு, முதல் ஆளாக அழுதவர் உத்தமன். அந்தப் படத்தின் ஒரே பிரதி இளங்கோவின் சொந்த லேப்டாப்பில் இருந்தது. இன்று காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பிய இளங்கோ, ஸ்டேஷன் போய்ச் சேரவில்லை. பகல் பன்னிரண்டுக்கு அவன் மனைவி நிஷாவுக்கு ஒரு போன். நாலு மணிக்குள் லேப்டாப் வர வேண்டும், போலீஸ் வரக் கூடாது. திருநின்றவூர் வீட்டு வாசலில், குழம்புப்பொடி கவரில், ஒரு கடைவாய்ப் பல் கிடந்தது. பல்லில் அடைத்திருந்த சிமென்ட்டைப் பார்த்தே நிஷா அது யாருடையது என்று சொல்லிவிட்டாள்.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு பஞ்சவர்ணம் நேரே இங்கே வந்தார். துணைக்கு வருகிறேன் என்று ஸ்ரீகாந்தும் ஒட்டிக்கொண்டான். ரசாக் பாய் திறந்து பார்த்தார். மின்விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கன்னங்கரேல். "டிஸ்ப்ளே போச்சும்மா, பேனல் மாத்தணும், ரெண்டு நாள் ஆவும்," என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள்தான் ஷட்டருக்கு அடியில் நாலு கால்கள் நுழைந்தன.

ஸ்ரீகாந்த் தன் பையிலிருந்து அவனுடைய லேப்டாப்பை எடுத்து மேஜையில் விரித்தான். "அவன் போன் எங்க இருக்குன்னு இன்னொருக்கா தேடிப் பாக்கறனுங்க."

கழுத்துச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெகன் எட்டிப் பார்த்தான். விசைகளுக்கு மேலே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. வெயில் 90, ரயில் 50, வீடு 30.

"இன்னா சார் இது, மார்க் சீட்டா? ஊட்டுப் பாடத்துல ஃபெயிலா கீறியே."

"திரை வெளிச்சம்ங்க. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் சிஸ்டம் போட்டா இதுல வெளிச்ச பட்டன் வேலை செய்யறதில்லை. கையால நம்பர் டைப் பண்ணணும். இளங்கோவுக்கு இந்த சிஸ்டம் போட்டுக் குடுத்ததே நான்தானுங்க."

"அப்போ இந்த லேப்டாப்ப நீங்களே பாத்திருக்கலாமே தம்பி," என்றார் பஞ்சவர்ணம்.

"அவனோடத நான் தொட்டே ஆறு மாசம் ஆச்சுங்க. இன்னிக்கு எட்டு பத்து வண்டியில நான் நேரா ஆபீஸ் போயிட்டேன். பேனல் போயிருச்சுன்னு பாயே சொல்லிட்டாருங்களே."

பஞ்சவர்ணம் அவன் முகத்தை, டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. இவனுக்கு ரத்தம் நிக்கல. பஞ்சு, பிளாஸ்டர், அப்படியே நாலு டீ வாங்கிட்டு வாங்க. டீ ஸ்ட்ராங்கா."

ஸ்ரீகாந்த் ஷட்டருக்கு அடியில் குனிந்து போனான். அவன் செருப்புச் சத்தம் தேயும்வரை பஞ்சவர்ணம் பேசவில்லை.

"பாய், வேற திரையில மாட்டிப் பாக்கலாமா?"

"மாட்டலாம்மா. இருந்த ஒண்ண இவரு கழுத்துல மாட்டிக்கினாரே."

"நானாவா மாட்டிக்கினேன்?" என்றான் ஜெகன்.

பஞ்சவர்ணம் செல்போன் டார்ச்சைப் போட்டு, கறுத்த திரையின் மேல் சாய்வாகப் பிடித்தார். மூன்று தலைகளும் குனிந்தன. கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் சட்டி கிடப்பது தெரியும் இல்லையா, அந்த அளவுக்கு மங்கலாக உள்ளே கோப்புகளின் படங்கள் வரிசையாக நின்றன.

ரசாக் பாய் தலையில் கை வைத்தார். "பேனல் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி விளக்குதான் இல்ல. காலைலேர்ந்து முழிச்சிக்கினே இருந்திருக்கு."

"விளக்க ஏத்துங்க."

பாய் வெளிச்ச விசையை அமுக்கினார். பத்து முறை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. "இந்த சிஸ்டத்துல இது ஒரு தொல்லைம்மா. விசை ஒரு டிபார்ட்மென்ட், விளக்கு ஒரு டிபார்ட்மென்ட். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அந்தப் பையன் சொன்ன மாதிரி உள்ள ஒரு ஃபைல்ல வெளிச்சத்த நம்பரா எழுதணும். எழுதுனா விளக்கு அதுக்குக் கட்டுப்படும். கடைசியா இன்னா எழுதினாங்கன்னு பாக்கலாம், டைப் பண்ணது அப்படியே நிக்கும்."

டார்ச்சை ஜெகன் பிடித்தான். பாய் திரையில் கட்டளை எழுதும் கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து மேல்நோக்கு அம்பு விசையை ஒரு தட்டுத் தட்டினார். கடைசியாக எழுதியது வந்து நின்றது. ஐம்பது.

"பாதி வெளிச்சம்," என்றான் ஜெகன். "அதுக்கு எதுக்கு இவ்ளோ இருட்டு?"

"எல்லா மெஷினுக்கும் உச்சி ஒண்ணில்ல. ஒண்ணுக்கு நூறு, ஒண்ணுக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு. இரு, இதுக்கு எவ்ளோன்னு பாக்கறேன்." பாய் கண்ணைச் சுருக்கினார். "பத்தொம்பதாயிரத்து எரநூறு. அதுல அம்பதுன்னா, மின்மினி தும்முன மாதிரிதான்."

பஞ்சவர்ணம் நிஷாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். நிஷா, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பள்ளியில் குண்டு எறிதலில் மாவட்டத்துக்கே முதல். அவள் எறிந்ததில் ஒரு குண்டு இன்னும் கீழே வரவில்லை என்று முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இன்றும் அண்ணாந்து பார்த்தபடிதான் நடக்கிறார்கள்.

"அவர் இருக்கிற எடம் தெரிஞ்சுதா அக்கா?" பின்னால் தொம், தொம் என்று ஏதோ இடிக்கும் சத்தம்.

"தெரிஞ்சுடும். வெளிச்சத்துக்கு அவர் என்ன நம்பர் போடுவார்?"

"அதுவா? பன்னெண்டாயிரம். படம் பாக்கறப்போ அஞ்சாயிரம். ஏலம் விடற மாதிரி சொல்லிக்கிட்டே போடுவார். அஞ்சாயிரத்துக்குக் கீழ போனதே இல்ல. கண்ணு வலிக்குதுன்னுவார்."

"காலைல அது எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதே. அவர் கெளம்பின அப்புறமும் மேஜை மேல எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது, சார்ஜ் இல்லன்னு செவப்பு காட்டிச்சு. எட்டேகாலுக்குப் பாப்பாவ வேன் ஏத்திவிடப் போனேன். வேன் லேட்டு. எட்டே முக்காலுக்கு வந்து பாத்தா கறுப்பா இருந்துச்சு. சார்ஜர் போட்டும் வரல."

"வீடு பூட்டியிருந்ததா?"

"பூட்டிட்டுத்தான் போனேன். சாவி என்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு." தொம், தொம். "மன்னிச்சுக்கோங்க அக்கா, மேல் வீட்ல டைல்ஸ் வேலை. காலைலேர்ந்து இதே சத்தம், மண்டை இடிக்குது."

பஞ்சவர்ணம் போனை வைத்தார். பாய் பன்னிரண்டாயிரம் என்று எழுதி எண்டர் தட்டினார். திரை குபீரென்று விழித்தது. ஜெகன் கூசிப் பின்வாங்கியதில், கட்டிப்போட்டிருந்த தடியனின் விரல்களை மிதித்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு முறை மிதித்தான்.

படம் உள்ளே இருந்தது. பத்து வினாடி பார்த்தார்கள். பிரஸ் இறங்கியபோது பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படம் கிடைச்சுது," என்றான் ஜெகன். "ஆளு?"

"நாலு மணிக்கு நாமளே குடுக்கப்போற லேப்டாப்ப மூணு மணிக்கு எதுக்குடா அடிச்சுப் புடுங்க வரணும்? திரை போச்சுன்னு சொன்ன அடுத்த நிமிஷம் வந்தாங்க. இந்தக் கடைக்கு வந்திருக்கோம்னு யார் சொன்னாங்க?" பஞ்சவர்ணம் படத்தை மூடி, கறுப்புப் பெட்டியில் பழைய வரிகளைத் துடைத்துவிட்டு, அதை மட்டும் திறந்து வைக்கச் சொன்னார். "டீ வருது. யாரும் எதுவும் சொல்லாதீங்க."

ஸ்ரீகாந்த் டீயோடு உள்ளே வந்தான். எரியும் திரையைப் பார்த்ததும் டீ கொஞ்சம் தளும்பியது. "வந்துருச்சுங்களா?"

"பாய் ஏதோ ஒரு ஒயரை அழுத்தினார், வந்துடுச்சு. படத்த எங்க வெச்சிருக்கார்னு தேடணும். ஆனா தம்பி, இந்த வெளிச்சம் என் கண்ணக் குத்துது. பட்டனும் வேலை செய்யல. கொஞ்சம் பாதியா குறைச்சுக் குடுங்களேன்."

"அதுக்கென்னங்க." ஸ்ரீகாந்த் உட்கார்ந்தான். விரல்கள் தட்டச்சில் ஓடின. யோசிக்கவே இல்லை, சட்டைப் பொத்தான் போடுகிறவன் யோசிக்கிறானா? ஐம்பது என்று எழுதி எண்டர் தட்டினான்.

திரை செத்தது.

"அடடா, சார்ஜ் மறுபடியும் போயிருச்சுங்களே," என்றான் ஸ்ரீகாந்த்.

பஞ்சவர்ணம் குனிந்து, லேப்டாப்பில் சொருகியிருந்த சார்ஜர் ஒயரைத் தூக்கி அவன் மூக்குக்கு நேராகக் காட்டினார்.

"சார்ஜ் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு தம்பி. மறுபடியும்னீங்களே, முதல் தடவை எப்போ?"

ஸ்ரீகாந்தின் கண் ஷட்டர் பக்கம் போனது.

"நான் சொல்லட்டுமா? இன்னிக்குக் காலைல எட்டேகாலுக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவுல. இளங்கோகிட்ட புடுங்கின சாவியில வீட்டைத் திறந்தீங்க. சார்ஜ் கம்மி. படத்த தேடற வரைக்கும் தாங்கட்டும்னு, உங்க மெஷின்ல போடற மாதிரியே ஐம்பது போட்டீங்க. இருட்டாச்சு. சார்ஜ் தீர்ந்துடுச்சுன்னு நினைச்சீங்க. எடுத்துட்டுப் போறதுக்குள்ள நிஷா படியேறுற சத்தம். அப்படியே விட்டுட்டு ஓடினீங்க. இளங்கோ அஞ்சாயிரத்துக்குக் கீழ எறங்கினதே இல்ல. இந்த மெஷின்ல வந்து ஐம்பதுன்னு எழுத, நூறோட உலகம் முடியற ஒருத்தனாலதான் முடியும்."

"மார்க் சீட்டு," என்றான் ஜெகன் மெதுவாக.

ஸ்ரீகாந்த் அழுவான் என்று ஜெகன் எதிர்பார்த்தான். அவனோ சூடாகக் கிடந்த, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் ராடை எடுத்து ஜெகனின் உள்ளங்கையில் குத்தினான். கறி கருகும் வாசனை வந்தது. தன்னுடைய கையாக இல்லாமல் இருந்திருந்தால் பசித்திருக்கும் என்று பிற்பாடு ஜெகன் சொன்னான். அடுத்த குத்து பாயின் தொண்டையைப் பார்த்து வந்தது. பஞ்சவர்ணம் ஸ்டூலைக் காலால் எத்தினார். ஸ்டூல் முழங்காலில் பட்டு ஸ்ரீகாந்த் தடுமாறினான், ஆனாலும் விழவில்லை. ராடை வீசிவிட்டுப் பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் பாய்ந்தான். உடம்பு வெளியே போய்விட்டது. கால் மட்டும் பாக்கி.

ஜெகன் ஷட்டரை நல்ல கையால் பிடித்துத் தொங்கினான். அது இறங்கிய சத்தமும், கணுக்கால் போட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

உள்ளே இழுத்துப் போட்டதும் ஸ்ரீகாந்த் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "ஏரிக்கரையில எனக்கு ஒன்றரை கிரவுண்டு மனை பேசிட்டாருங்க உத்தமன். நீங்க எத்தனை காலை வேணும்னாலும் ஒடைங்க. மணி மூணு அம்பது. பத்து நிமிஷத்துல எங்கேயும் போய்ச் சேர முடியாது. நாலு அடிச்சா அங்க இருக்கிறவன் வேலைய முடிச்சிருவான்."

"பாய், நூறுக்குப் போன் போடுங்க," என்றார் பஞ்சவர்ணம். ஜெகன் கருகிய கையால் ஸ்ரீகாந்தின் கழுத்தைப் பிடித்தான். "எங்கடா கீறாரு? சொல்லு."

"விடுடா. சொல்ல மாட்டான்." பஞ்சவர்ணம் ஏற்கனவே நிஷாவுக்குப் போன் போட்டிருந்தார். மணியடித்தது. எடுத்தாள். பின்னால் தொம். நெடுநேரம் கழித்து, பலமில்லாமல் இன்னொரு தொம்.

"நிஷா, உங்க மேல் வீடு யாரோடது?"

"ஸ்ரீகாந்த் அண்ணாவோடது. அவர்தான் நேத்தே சொன்னார், டைல்ஸ் வேலை, சத்தம் வந்தா கண்டுக்காதம்மான்னு."

ஸ்ரீகாந்தின் சிரிப்பு நின்றது. அந்த முகத்தை ஜெகனுக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவனின் முகம்.

"அது டைல்ஸ் இல்லம்மா," என்றார் பஞ்சவர்ணம். "தரையில உதைக்கிறார். காலைலேர்ந்து உன்னைத்தான் கூப்பிடுறார்."

எதிர்முனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"உள்ள ஒரு ஆள் இருப்பான். நாலு மணிக்குக் காத்திருக்கான். போலீஸ் வந்து சேர அதுக்கு மேல ஆகும். கையில கனமா என்ன இருக்கு?"

"இஞ்சி இடிக்கிற இரும்பு உரல்."

"போதும். போனை ஜாக்கெட்ல சொருகிக்கோ. பேசாம போ."

படிகள் கேட்டன. பதினெட்டுப் படி, ஜெகன் எண்ணினான். கருகின கை வலிக்கவில்லை, அது அப்புறம் வலிக்கும். அழைப்பு மணி. ஒரு தாழ்ப்பாள். "யாரு" என்று ஒரு ஆண் குரல் ஆரம்பித்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு அவன் வாழ்க்கையில் கொஞ்ச காலத்துக்கு வேறு வார்த்தை இல்லை. சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பூசணிக்காயை யாரோ கீழே வைத்ததுபோல.

"அக்கா," என்றாள் நிஷா. மூச்சு வாங்கியது. "ஒருத்தன் விழுந்துட்டான். பின்னால இன்னொருத்தன் வரான்."

"உரல் கையில இருக்கா?"

"அது முதல் ஆளோட மூஞ்சியில இருக்கு."

கண்ணாடி உடைந்தது. ஒரு நாற்காலி. நிஷாவின் குரலில் ஒரு முனகல். பிறகு ஏதோ கனமான பொருள் காற்றில் போகும் நீண்ட ஒலி, அதற்குப் பிறகு பால்கனிக் கம்பி அதிரும் ஓசை, அதற்கும் பிறகு வெகு கீழே பைக் ஒன்று அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

"எதை எறிஞ்ச?" என்றார் பஞ்சவர்ணம்.

"அவனைத்தான்," என்றாள் நிஷா.

முத்தாபுதுப்பேட்டைக்காரர்கள் சொன்னதை ஜெகன் அன்றுதான் நம்பினான்.

டேப் கிழிபடும் சத்தம். நிஷாவின் அழுகை, அடக்கி அடக்கி. பிறகு ஒரு குரல், பல் போன இடைவெளி வழியாகக் காற்று கலந்து வந்தது.

"லேப்டாப்ப... குடுத்துட்டீங்களா?"

"இல்ல சார், இங்கதான் கீது," என்றான் ஜெகன். "ஆனா மறுபடியும் இருட்டாயிடுச்சு. எவ்ளோ போடட்டும்? பன்னெண்டாயிரமா?"

இளங்கோ கொஞ்சம் யோசித்தான். "இன்னிக்கு ஃபுல்லா வையுங்க."

பாய் டார்ச் பிடிக்க, ஜெகன் ஒற்றை விரலால் பத்தொன்பதாயிரத்து இருநூறு என்று தட்டினான். கடை முழுக்க வெளிச்சமானது. பஞ்சவர்ணம் படத்தைத் திறந்து, உத்தமன் கேமராவை நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் நிறுத்தினார். மேல்வரிசையில் வெற்றிலைக் கறை படிந்த பல்கூடத் தெரிந்தது.

மணி நாலு. தரையில் கிடந்த ஸ்ரீகாந்தின் போன் அதிர்ந்தது. உத்தமன் என்று பெயர் வந்தது. பஞ்சவர்ணம் எடுத்தார்.

"முடிஞ்சுதா?" என்றது போன்.

"ஐம்பதுல உங்க முகம் சரியா தெரியலைங்க," என்றார் பஞ்சவர்ணம், மூன்றாவது அடுக்கைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் கை வைத்தபடி. "ஏத்தி வெச்சிருக்கோம். இப்ப நல்லாத் தெரியுது."